ஏரிக்கரையில் ஒரு ராத்திரி: புதுச்சேரி, கடலூர் பக்கம் டென்ட் போட நினைப்பவர்களுக்கு

தை பிறந்ததும் எங்கள் தெருவில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்கள்: ஊசுட்டேரிக் கரையில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கலாமா, பிள்ளைகள் ரொம்ப ஆசைப்படுகிறார்கள் என்று. கரையில் தங்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர். அதில் ஏறக்குறைய பாதி புதுச்சேரி எல்லைக்குள், மீதி தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தில். புதுச்சேரி அரசு தன் பங்கை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, தமிழ்நாட்டுப் பக்கமும் சில வருடம் கழித்து அப்படியே ஆனது. சரணாலயம் என்றால் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். அனுமதி இல்லாமல் உள்ளே தங்கவும் கூடாது, தீ மூட்டவும் கூடாது. ஒரே தண்ணீர், ஆனால் இரண்டு வனத்துறை. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ அந்தப் பக்கத்து ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர்கள் ஸ்டேட் பார்க் படங்கள் அனுப்புவார்கள். ஏரி ஓரமாக எண் போட்ட இடம், மரமேசை, தீ மூட்ட இரும்பு வளையம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று பல இடங்களில் விதியும் உண்டு. நம் ஏரிகளில் இது எதுவும் கிடையாது. அவை பாசனத்துக்கு வெட்டியவை, தங்குவதற்கு இல்லை. அதனால் நாங்கள் வருடக்கணக்காகப் பின்பற்றுகிற வழி ஒன்று இருக்கிறது: ராத்திரி ஏரிக்குப் பக்கத்தில் யாராவது ஒருத்தருடைய தோப்பிலோ கொல்லையிலோ, விடியற்காலை ஏரிக்கரையில். இடம், தண்ணீர், அடுப்பு, கழிப்பறை, அமைதி, இந்த ஐந்தையும் நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஆனால் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது.

எந்த ஏரி, எந்த மாதம்

முதல் தடவை போகிறவர்களுக்கு ஊசுட்டேரிப் பக்கம்தான் சரி. புதுச்சேரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஏதாவது ஆகிவிட்டால் அரை மணி நேரத்தில் கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். சுற்றிலும் பத்துக்கண்ணு, சேதராப்பட்டு என்று ஊர்கள் இருப்பதால் பால், தண்ணீர்க் கேன் எதற்கும் அலைய வேண்டாம்.

பாகூர் ஏரி எனக்குத் தனிப்பட்ட முறையில் அதைவிடப் பிடிக்கும். கரையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கிறது. சாயங்காலம் ஊருக்குள் மூலநாதர் கோயிலுக்கும் ஒரு நடை போய் வரலாம், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள கோயில்.

வீராணம் பார்க்க வேண்டிய ஏரி, ஆனால் தங்க வசதியான ஏரி என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது, கரை பதினாலு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்தக் கரை மேலேயே சாலையும் போவதால் வண்டிச் சத்தம் ஓயாது. அது போக, 2004-இலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீர் போகிற ஏரி அது. அங்கே சோப்புப் போட்டுக் குளிப்பதையோ பாத்திரம் கழுவுவதையோ நினைத்தே பார்க்கக் கூடாது. பகலில் போய்ப் பார்த்துவிட்டு, காட்டுமன்னார்கோயிலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். குறிஞ்சிப்பாடி பக்கம் பெருமாள் ஏரியும், திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரியும் இருக்கின்றன, இரண்டு தடவை தங்கிப் பழகிய பிறகு போக. மரக்காணம் போகிற வழியில் கழுவேலி உண்டு, 2021-இல் அதுவும் சரணாலயமாகிவிட்டது. உவர்த் தண்ணீர், நிழல் கிடையாது. விடியற்காலை போய் எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டிய இடம் அது.

மாதம் என்று பார்த்தால் தையும் மாசியும்தான். ஏரி நிறைந்திருக்கும், பறவை நிறைந்திருக்கும், மழை விட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போகவே போகாதீர்கள், மார்கழியிலும் யோசியுங்கள். தானே புயல் நம் கடலூரில் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று, மார்கழி நடுவில். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையேறி, அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. அதைவிடப் பாடம் கற்றுக்கொடுத்தது அதற்கு அடுத்த இரண்டு நாள்தான். மழை விட்டுவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடலூர், பாகூர் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் தண்ணீர் எங்கேயோ பெய்த மழையில் வரும். ஆற்று வாய்க்காலோடு சேர்ந்த எந்த ஏரியாக இருந்தாலும், அணை திறப்புச் செய்தியைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பங்குனிக்கு மேல் வெயில், தண்ணீரும் உள்வாங்கிவிடும், பிள்ளைகளுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

இடம் கேட்பது

ஒரு வாரம் முன்னால் பகலில் நேரில் போங்கள். போனில் கேட்டு வாங்குகிற காரியம் இல்லை இது. ஏரிக்குப் பக்கத்து ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லிவிட்டு, குடும்பத்தோடு வந்து ஒரு ராத்திரி தங்க நினைக்கிறோம், யார் தோப்பில் கேட்கலாம் என்று விசாரியுங்கள். குடும்பத்தோடு என்ற வார்த்தை முக்கியம். ஏரிக்கரைக்கு ராத்திரி வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள், அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. மனைவி மக்களை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனால் பேச்சு இன்னும் சுலபமாக முடியும்.

தேட வேண்டியது மோட்டார் கொட்டாய் உள்ள கொல்லை. போர்த் தண்ணீர் இருக்கும், மின்விளக்கு ஒன்று இருக்கும், தொட்டியில் பிள்ளைகள் குளிக்கலாம். சொந்தக்காரர் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு வைத்துக்கொள்ளலாம். இதை ஆண்கள் கடைசியில்தான் நினைப்பார்கள், உண்மையில் முதலில் பேச வேண்டியது இதுதான். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் காசு வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். "சும்மா கெடக்கற எடம்தானே தம்பி, வந்து படுத்துட்டுப் போங்க" என்பார்கள். காசு வாங்காவிட்டால் அவர்களிடம் இளநீர், தேங்காய், காய்கறி என்று விலை கொடுத்து வாங்குங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழமோ பிஸ்கட்டோ வாங்கிப் போங்கள்.

கேட்கும்போதே இரண்டு விஷயம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் யாராவது பன்றிக்காக மின்வேலி போட்டிருக்கிறார்களா? அது சட்டத்துக்குப் புறம்பானதுதான், ஆனால் மணிலா (வேர்க்கடலை), கரும்புக் கொல்லைகள் பக்கம் ராத்திரியில் கம்பி இழுத்து மின்சாரம் விட்டு உயிர் போன செய்தி அடிக்கடி வருகிறது. ராத்திரி மோட்டார் போட, தண்ணீர் கட்ட யாராவது வருவார்களா என்றும் கேளுங்கள், தூக்கக் கலக்கத்தில் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து யாரும் பயப்படாமல் இருக்கும்.

தரையைப் பார்ப்பது

சில வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஏரியின் உள்வாயில், தண்ணீர் வற்றிக் காய்ந்திருந்த தரையில் நாங்கள் டென்ட் போட்டோம். சமமான தரை, மெத்தை மாதிரி புல், எதிரே தண்ணீர், அதைவிட நல்ல இடம் இருக்கவே முடியாது என்று தோன்றியது. பொழுது சாய எருமை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். ஒன்றும் பேசாமல் டென்டைச் சுற்றி வந்தார், கையிலிருந்த கோலால் தரையில் ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினார். காய்ந்த களிமண்ணில் பிளவுக் குளம்பின் அச்சு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, வரிசையாக எங்கள் டென்டுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. "இது மாடு தண்ணிக்கு எறங்கற தடம் தம்பி. விடியறதுக்குள்ள நாப்பது உருப்படி இது மேலதான் வரும். கொழந்தைங்கள வச்சிக்கிட்டு இங்க படுக்காதீங்க." அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கொல்லையில் இடம் காட்டினார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். டென்ட் பையை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் தரையை மட்டும் பார்ப்பேன். குளம்படி இருக்கிறதா, சாணி வரிசையாகக் கிடக்கிறதா? காய்ந்த ஆகாயத்தாமரையும் குப்பையும் ஒரு கோடு மாதிரி ஒதுங்கியிருக்கிறதா? அந்தக் கோடு வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு உள்ளே போட வேண்டாம். எறும்புப் புற்று, எலிவளை, கல் குவியல், பழைய வைக்கோல் போர், வெட்டிப்போட்ட பனைமட்டைக் குவியல், இவை எல்லாவற்றிலிருந்தும் தள்ளிப் போங்கள். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். தென்னந்தோப்பில் தங்கினால் மரத்துக்கு நேர் கீழே போடாதீர்கள், காற்றே இல்லாத ராத்திரியிலும் மட்டையும் நெற்றும் விழும். நாலு மரத்துக்கு நடுவில் வெட்டவெளி இருக்கும், அதுதான் இடம்.

டென்ட் வாங்கும்போது நாலு பேருக்கு என்று போட்டிருந்தால் அது இரண்டு பெரியவர், ஒரு குழந்தைக்குத்தான் சரியாக இருக்கும். மேலே தனியாக ஒரு மழைத்துணி போடுகிற இரட்டை அடுக்கு வகை வாங்குங்கள். தையில் நம் பக்கம் மழை இல்லாவிட்டாலும் பனி அப்படிக் கொட்டும். ஒற்றை அடுக்கு டென்டில் நாலு பேர் மூச்சும் உள்ளேயே ஈரமாகப் படிந்து, விடியற்காலை நாலு மணிக்கு முகத்தில் சொட்டும். மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி இருக்கிற மாதிரி இழுத்துக் கட்டுங்கள், வலைச் சன்னலைத் திறந்து வையுங்கள், சொட்டாது. அடியில் தார்ப்பாய் விரிக்கும்போது ஓரம் டென்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் பனித்தண்ணீரை ஏந்தி உள்ளே கொண்டுவரும். ஓரத்தை மடக்கி அடியில் தள்ளிவிடுங்கள். உள்ளே கோரைப்பாய் போட்டு அதன் மேல் கனமான ஜமக்காளம். விலை உயர்ந்த படுக்கை எதுவும் தேவையில்லை, கோரைப்பாய் தரைச் சில்லிப்பை நன்றாகத் தடுக்கும்.

டென்டோடு வருகிற மெல்லிய கம்பி ஆணிகள் நம் மண்ணுக்குச் சரிப்படாது. காய்ந்த களிமண்ணில் வளையும், மணலில் பிடுங்கிக்கொள்ளும். கட்டடச் சாமான் கடையில் அரை அடி இரும்பு முளை எட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாய்வாக அடியுங்கள். மணல் தரையாக இருந்தால் பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடலாம்.

சோறு, தண்ணீர், அடுப்பு

நாலு பேருக்கு ஒரு ராத்திரிக்கு இருபது லிட்டர் கேன் ஒன்று குடிக்கவும் சமைக்கவும் போதும். கை கால் கழுவ மோட்டார் தண்ணீர். ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வயல் பூச்சிமருந்து வடிந்து சேர்கிற தண்ணீர் அது, கொதிக்க வைத்தால் மருந்து போகாது.

அடுப்பு சின்ன கேஸ் ஸ்டவ். விறகு அடுப்பு மூட்ட ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வரும். ஆனால் தையில் சுற்றிலும் அறுத்த தாளும் வைக்கோலும் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். கொல்லைக்காரர் தன் அடுப்பையே காட்டி இங்கே மூட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் மூட்டுங்கள், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து சூடு இல்லை என்றால்தான் படுக்க வேண்டும். எந்த அடுப்பையும் டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், குளிருக்காகக் கங்குச் சட்டியைக்கூட. மூடின இடத்தில் அந்தப் புகையில் இருக்கிற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சாப்பாட்டில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். மத்தியானத்துக்குக் கட்டுச்சோறு: நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டுக் கிளறிய புளிச்சோறு, வாழையிலையை நெருப்பில் வாட்டி அதில் கட்டினால் ராத்திரி வரை கெடாது. ராத்திரிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. சமையல் என்று அங்கே செய்வது இரண்டே இரண்டுதான், பனங்கிழங்கு வேகவைப்பதும் சுக்குக் காபி போடுவதும். தையில் பனங்கிழங்கு புதிதாக வரும், கரையோரப் பனையிலிருந்து விழுந்த கொட்டையைப் புதைத்து வைத்துத் தோண்டியதாகவே ஊரில் கிடைக்கும். மஞ்சள் தூளும் உப்பும் போட்டு வேகவைத்து, மேல்தோலை உரித்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துவிட்டு நாரை இழுத்து இழுத்துத் தின்ன ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் போனைக் கேட்டதே இல்லை. கருவாடு, மீன், கறி வேண்டாம். வாசனைக்கு நாய்கள் கூடிவிடும், ராத்திரி முழுக்க டென்டைச் சுற்றும். மிச்ச சோற்றை எங்கேயும் கொட்டாமல் மூடி வண்டிக்குள் வையுங்கள்.

ஏரியில் தூண்டில் போடலாமா என்று கேட்பார்கள். சரணாலயத்தில் கூடவே கூடாது. மற்ற ஏரிகளில் மீன் பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும், அந்த மீன் யாருடைய வருமானமோ. குத்தகைக்காரரிடமே கேட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குழம்பு வையுங்கள்.

பாம்பும் தண்ணீரும்

இந்த இரண்டையும் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது.

ஏரியில் அதிகம் கண்ணில் படுவது தண்ணீர்ப் பாம்பு, அதற்கு விஷம் இல்லை. பயப்பட வேண்டியது நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். டென்டில் தங்குகிறவர்கள் இதில் கட்டுவிரியனைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ராத்திரியில் நடமாடுவது, தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது, கடித்தால் பெரிதாக வலிக்காது, தடம்கூடத் தெரியாது. விடியற்காலை வயிறு வலிக்கிறது என்று ஒரு குழந்தை எழுந்து, கண் இமை தானாகச் சொருகி, பேச்சுக் குழறினால் அஜீரணம் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அடித்தளம் தைத்த டென்டில் ஜிப்பை முழுதாக மூடி வைத்தால் எந்தப் பாம்பும் உள்ளே வராது. எங்கள் டென்டில் ஒரே ஒரு கட்டளைதான்: யார் உள்ளே போனாலும் வந்தாலும், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும், ஜிப்பை மூடிவிட்டுத்தான் அடுத்த அடி. செருப்பை உதறிப் போடுங்கள், டார்ச் இல்லாமல் ராத்திரி இறங்காதீர்கள், காலைத் தரையில் அழுத்தி வைத்து நடங்கள்.

கடித்துவிட்டால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கொலுசு, மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றிவிடுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் கட்டுவது போல ஒரு கட்டையை வைத்துக் கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108-க்குப் போன் போடுங்கள், உங்கள் வண்டி சீக்கிரம் போகும் என்றால் அதிலேயே போங்கள். ஊசுட்டேரி பக்கம் என்றால் ஜிப்மர், வீராணம் பக்கம் என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை, விஷமுறிவு மருந்து இந்த நாலு பாம்புக்கும் சேர்த்து ஒன்றேதான்.

தண்ணீர். நம் ஏரிகள் கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகும் என்று நினைத்துப் பெரியவர்களே இறங்கிவிடுகிறார்கள். வண்டல் மண்ணும் சவுடும் எடுத்த பள்ளங்கள் உள்ளே எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி தலைக்கு மேல் போய்விடும். அதில் சேறும் ஆகாயத்தாமரை வேரும் காலைப் பிடித்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவனும் தடுமாறுவான். மதகு திறந்திருக்கும்போது அதன் வாய்க்கருகே போகவே கூடாது. மேலே தண்ணீர் சும்மா சுழல்வது போலத்தான் தெரியும், அடியில் ஆளையே இழுக்கும் வேகம் இருக்கும். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலிங்கல் வழிகிற நாட்களில் அதன் மேல் பாசி படிந்த கல்லில் நின்று படம் எடுக்கிறார்கள், பார்க்கவே பதறுகிறது. குளிக்க ஆசை இருந்தால் மோட்டார் தொட்டியில் குளியுங்கள், கொட்டுகிற தண்ணீரில் தலையைக் கொடுத்து நிற்கிற சுகம் ஏரியில் கிடைக்காது. ஒன்பது, பத்து வயதுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாருமே பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

வீட்டுக் கழிப்பறை கிடைக்காத இடத்தில், தண்ணீரிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் எழுபது அடியாவது அல்ல, எழுபது தப்படியாவது தள்ளிப்போய்க் களைக்கொத்தால் முக்கால் அடி குழி தோண்டி, பிறகு மண் தள்ளி மூடிவிடுங்கள்.

விடியற்காலை

இவ்வளவு ஏற்பாடும் இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான். ஐந்தரைக்கு எழுப்பிவிடுங்கள், சுக்குக் காபி ஒரு வாய், ஸ்வெட்டர், அப்படியே கரைக்கு. பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம், மண் நிறமோ பச்சையோ போடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள், நடந்துகொண்டே பறவை பார்க்க முடியாது. எட்டு மடங்கு பெருக்குகிற பைனாகுலர் ஒன்று வீட்டுக்கு இருந்தால் போதும், கைமாற்றிக்கொள்ளலாம்.

பனி விலக விலக முதலில் சத்தம்தான் வரும், பிறகுதான் உருவம். முக்குளிப்பான் ஒன்று மூழ்கினால் எங்கே எழும் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். நாமக்கோழியின் நெற்றியில் வெள்ளை நாமம் பளிச்சென்று தெரியும். கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து மீனை வளைக்கும், பாம்புத்தாரா இறக்கையை விரித்துப் பட்டமரத்தில் காயும். போன வருடம் என் மகள் ஒரு நத்தைகுத்தி நாரையையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அலகு மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், அது நத்தையைச் சேற்றிலிருந்து எடுத்து, ஓட்டை உடைக்காமலே சதையை உருவி விழுங்குவதை அவள்தான் எனக்குக் காட்டினாள். "அப்பா, ஓடு முழுசா கெடக்குது பாருங்க" என்று கரையோரம் கிடந்த காலி ஓடுகளைப் பொறுக்கி எண்ணினாள், பதினேழு.

பறவை எழும்பிப் பறந்தால் நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் வாருங்கள். ஊசிவால் வாத்து மாதிரியானவை இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து, திரும்பிப் போவதற்கு இங்கேதான் தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. ஒவ்வொரு தடவை பயந்து எழும்பும்போதும் அந்தச் சேமிப்புதான் செலவாகிறது. டிரோன் விடாதீர்கள், பாட்டுப் போடாதீர்கள், வெடி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேதான் சொல்ல வேண்டும். அதே கரையில் ஒரு நாள் காலை மீன் பிடிக்கிற அண்ணன் ஒருத்தர் கல்லில் உட்கார்ந்து பாதத்தில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். துணி முழுக்க ரத்தம். பக்கத்தில் உடைந்த பீர் பாட்டில். "வாரத்துக்கு ஒருத்தருக்காவது இப்படி ஆவுது சார், நாங்க செருப்பு போட்டுக்கிட்டு தண்ணியில எறங்க முடியுமா?" என்றார். கூட வருகிறவர்கள் யாராவது பாட்டில் எடுத்து வந்தால் அன்றைக்கு அவர்களோடு போகாதீர்கள், நேரடியாகவே சொல்லிவிடுங்கள். நாங்கள் இரண்டு சாக்கு கொண்டுபோகிறோம், ஒன்று எங்கள் குப்பைக்கு, இன்னொன்று எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன கண்ணாடிக்கு. கண்ணாடியைப் பெரியவர்கள் மட்டும், கனமான கையுறை போட்டு எடுங்கள்.

எட்டரைக்கு வெயில் ஏறிவிடும், திரும்பி வந்து தொட்டியில் குளித்துவிட்டுக் கிளம்பலாம். முளை அடித்த குழிகளை மிதித்து மூடுங்கள், கொல்லைக்காரரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிவிட்டே சொல்லிக்கொண்டு கிளம்புங்கள், அடுத்த வருடம் போன் போட்டாலே வரச்சொல்வார். டென்ட் பனியில் நனைந்துதான் இருக்கும், அங்கே காய வைக்க நேரம் இருக்காது, சுருட்டி எடுத்து வந்துவிடலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்படியே பரணில் ஏற்றாதீர்கள், இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறும். மொட்டை மாடியில் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டிப்போட்டு, ஒட்டியிருக்கிற புல் விதையையும் எறும்பையும் உதறிவிட்டு, ஒரு பகல் வெயில் முழுக்கக் காயட்டும். சாயங்காலம் மடித்து எடுத்து வையுங்கள்.